வெளியே போக வில்லை

சில வருடங்களுக்கு முன்பு சென்னையில் மெட்ரோ ரயில் ஏறியபோது மருமகள் என் கையில் ஒரு நீல வில்லையைக் கொடுத்தாள். பிளாஸ்டிக், காற்றுக்குப் பறந்துவிடும் போல. "உள்ளே போறப்ப இதைத் தொட்டா போதும் அத்தை. வெளியே வர்றப்பதான் ஓட்டையில போடணும். தொலைச்சிராதீங்க, வெளியே விட மாட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், இறங்குகிற வரை நான் கையை விரிக்கவே இல்லை. வெளிக்கதவருகே விரித்தால் உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்து கிடந்தது. மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும். டோக்கன் என்றால் டாக்டர் வீட்டில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று சொல்லும் காகிதம், அவள் தலைமுறைக்கு.

நம் வயதுக்காரர்களுக்கு அப்படியா? பேங்கில் கொடுத்த பித்தளை டோக்கன் எவ்வளவு கனம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பல்லில் தட்டிப் பார்த்து அடி வாங்கியவர்களும் இருப்பீர்கள். சைக்கிள் ஸ்டாண்டில் தகர வில்லை. மருதமலை அடிவாரத்தில் செருப்புக்கு ஒரு வில்லை. கலெக்டர் ஆபீஸ் சேவகர் நெஞ்சில் ஒரு வில்லை, அதைப் பார்த்ததும் நம் ஊர்ப் பெரிய மனிதர்களே துண்டைக் கக்கத்துக்கு இறக்குவார்கள். முனிசிபாலிட்டிக்காரர்கள் நாய் பிடிக்க வரும்போது கழுத்தில் வில்லை இருந்த நாய் பிழைத்தது, இல்லாத நாய் வண்டியில் ஏறியது. சூடமும் வில்லைதான், காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையும் வில்லைதான். இத்தனை இருந்தும் வில்லை என்றால் எனக்கு ஞாபகம் வருவது எங்கள் மில் கேட்டில் தொங்கிய ஒன்றுதான்.

மில்லின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அதற்கும் கேட் இருக்கிறது, தேய்ப்பதற்கு அட்டையும் இருக்கிறது.

அப்பா அங்கே நூற்பில் மேஸ்திரி. காம்பவுண்டுக்குள்ளேயே லைன் வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் தகரக் கூரை. நான், தம்பி, அப்பா, அம்மா. அப்புறம் மாமன், அதாவது அம்மாவின் ஒரே தம்பி. அவரும் அதே மில்லில்தான் வேலை. எங்களோடு தங்கி, முன்கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்வார். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் பஞ்சுத் தூள் கிடக்கும். காதுக்குள்ளிருந்துகூட அவருக்குப் பஞ்சு வரும். "உன்னையத் திருகுனா ஒரு சேலைக்கு நூலு ஆகும்டா" என்று அம்மா கேலி பேசுவாள்.

அந்த வைகாசியில் மாமனுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அம்மாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஏன் என்று கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மூங்கில் பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவளிடம், மறு தலைப்பு மாப்பிள்ளையிடம். நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவள் கூடப் பிறந்தவள்தான் என்று ஊர் முன்னால் சொல்கிற சீர் அது. அது ஆகாமல் தாலி ஏறாது. அம்மா பிறந்த வீட்டுக்கு ஒரே பெண். அந்த ஒரு காலைக்காகத்தான் தன் தம்பியைத் தூக்கி வளர்த்தது போலப் பேசுவாள்.

சித்திரை பிறந்ததும் வேலைநிறுத்தம் வந்தது. மேஸ்திரிமார்கள் சங்கத்தில் கிடையாது, அப்பா உள்ளே நின்றார். மாமன் சங்கத்து ஆள். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், "தைக்கக் குடுத்த சட்டையை வாங்கிப்போட்டு வந்தர்றனுங்க அக்கா" என்று எங்கள் வீட்டு வில்லையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூட்டத்தோடு கொடி பிடித்து நின்றார். புதுச் சட்டைதான் போட்டிருந்தார், பொய் சொல்லவில்லை.

இந்த வில்லை எப்படியென்றால், வீட்டுக்கு ஒன்று, வீட்டு எண் அடித்த பித்தளைத் துண்டு. வெளியே போகிறவர் அதைக் கேட்டுக்காரரிடம் கொடுப்பார். அவர் பலகையில் அந்த வீட்டு எண்ணுக்கு நேராக இருக்கும் ஆணியில் மாட்டுவார். திரும்பி வந்தால் எடுத்துக் கொடுப்பார். முன்பெல்லாம் அது பேருக்குத்தான், வீட்டோடு கிளம்பி சினிமாவுக்கே போய் வருவோம். வேலைநிறுத்தம் வந்ததும் ஆபீசில் கெடுபிடி ஆரம்பமானது. வீட்டுக்கு ஒரு ஆள்தான் வெளியே போகலாம், போனவர் திரும்பாமல் அடுத்தவர் போகக் கூடாது. உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். குடும்பம் உள்ளே கிடந்தால் போன ஆள் வேலைக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? ஆடு மேயப் போனால் குட்டியைக் கட்டிப்போடுகிற கணக்கு அது.

எங்கள் வீட்டு ஆணியில் வில்லை தொங்கியது. போன ஆள் வேப்பமரத்தடியில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பினால் சங்கத்துக்குத் துரோகி. திரும்பாவிட்டால் நாங்கள் யாரும் வாசல் தாண்ட முடியாது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைம் ஆபீசில் ஒருவருக்குத் தமிழ்ப்பற்று அதிகம், டோக்கன் என்ற சொல்லே வாயில் வராது. அவர்தான் பலகை உச்சியில் வெள்ளைப் பெயிண்டில் 'வெளியே போக வில்லை' என்று எழுதி வைத்தார். வெளியே போவதற்கான வில்லை என்று அர்த்தம். நடுவே விட்ட இடம் போதவில்லை. நான் எழுத்துக்கூட்டி, 'வெளியே போகவில்லை' என்றே படித்தேன். எனக்குப் பெரிய குழப்பம். வில்லை தொங்கினால் ஆள் வெளியே போய்விட்டார் என்கிறார்கள், பலகையோ போகவில்லை என்கிறதே? கேட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்து, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மணி. தெரிஞ்சிருந்தா இத்தனை நேரம் நானே போயிருப்பேன்" என்றார்.

அந்தக் கோடை எப்படிப் போனது என்றால், போகவே இல்லை. சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. மெஷின் பாதிதான் ஓடியது. எப்போதும் ஓடும் இரைச்சலில் தூங்கிப் பழகிய எங்களுக்கு அந்த அரைகுறைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடமும் லீவு. லைனுக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து புழுதியில் தடமே விழுந்துவிட்டது. உள்ளே கிணற்றில் உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் வரும் சிறுவாணிக் குழாய் கேட்டுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே உப்புத் தண்ணீர் குடித்தோம். அம்மா பிறந்த ஊர் துடியலூருக்குப் பக்கம். பஸ்ஸில் ஏறினால் சீட்டு சூடாவதற்குள் வந்துவிடும். ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் அம்மா, "ஊட்டு வழியாத்தான் போகுது" என்பாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலாக வரும். போக முடியாத பஸ் எந்த வழியாகப் போனால் என்ன?

அப்பா ஷிப்ட் முடிந்து லைனுக்கு நடந்து வரும்போது உள்பக்கமாகக் கேட்டு ஓரத்தில்தான் வர வேண்டும். அப்போது வெளியே இருந்து, "கருங்காலி, கருங்காலி" என்று கத்துவார்கள். வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்கு அந்தப் பெயர். மாமன் மட்டும் அந்த நேரம் முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பார். காற்றே இல்லாத நாளிலும் அவருக்கு அந்த பீடி சீக்கிரம் பற்றாது.

பொழுது சாய்ந்ததும் அவர் போசியில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வருவார். அம்மா உள்பக்கம் குடத்தை அணைத்துப் பிடிப்பாள். கம்பிக்கு நடுவே போசியின் வாயை வைத்து ஊற்றுவார். பாதி கீழே போகும்.

"கருங்காலி ஊட்டுக்கா தண்ணி ஊத்தறே?" என்று மரத்தடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்ற அக்கா ஊட்டுக்கு ஊத்தறனுங்க" என்றார் மாமன், திரும்பாமல்.

கல்யாணம் நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஆபீசுல ஒரு வார்த்தை கேளுங்களேன். ஒரு நாளு. வெடியால போயிப்போட்டு உச்சிக்குள்ள வந்தர்றேன்."

"கேக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"கேட்டா உங்க மேஸ்திரி பட்டம் கொறைஞ்சு போயிருமாக்கும்?"

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அம்மா அழுதாள். அப்போது அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று நினைத்தேன். லைனே அப்படித்தான் நினைத்தது.

ஆனால் மறுநாள் மத்தியானம் நான் சோற்றுப்போசியை எடுத்துக்கொண்டு போனபோது அப்பா மெஷின் பக்கம் இல்லை. ஆபீஸ் அறை வாசலில் நின்றிருந்தார், தலைத்துண்டு கையில். உள்ளே அதிகாரி பேசுவது கேட்டது. "அதுக்கென்னங்க மேஸ்திரி, நானே அனுப்பி வெக்கறேன். உங்க மச்சினனை உள்ள வந்து ஒரே ஒரு ஷிப்ட் மெஷின்ல கை வெக்கச் சொல்லுங்க. கல்யாணத்துக்கு ரெண்டு பேரையும் மில் கார்லயே கொண்டுபோயி விடச் சொல்றேன். மாலைகூட நம்ம செலவு."

அப்பா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்ததும் போசியை வாங்கிக்கொண்டு என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். "அந்தப் பேரு ஊட்டுக்கு ஒண்ணு போதும் கண்ணு" என்றார். எந்தப் பேரு என்று எனக்கு விளங்கவில்லை. தம்பியின் பெயரை மாற்றி மாமன் பெயரை வைக்கப் போகிறார்களோ என்றுகூட நினைத்தேன். மில் கார் என்றது மட்டும் காதில் நின்றது. அதில் ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அன்று ராத்திரி அம்மா மறுபடி கேட்டாள். அப்பா மறுபடியும், "கேக்கலே, கேக்க மாட்டேன்" என்றார்.

அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பாய் ஒருவர் கோட்டைமேட்டிலிருந்து வருவார். வேலைநிறுத்தம் வந்த பிறகு அவரும் கேட்டுக்கு வெளியேதான் கடை போட்டார். அம்மா கம்பி வழியாக அவரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு வில்லையை இரவல் வாங்கிக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தருவீங்களா பாய்? நம்பர் மட்டும் எங்க ஊட்டு நம்பரு" என்று கேட்டாள்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"என்ற தம்பி கல்யாணத்துக்குங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை, கல்யாணத்துக்கு என் மொய் என்றார். பழைய வில்லையைப் போலவே ஓரம் தேய்த்து, புகை காட்டி மங்க வைத்து, தத்ரூபமாக இருந்தது. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு அன்றைக்கு முழுக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். சேலையைக்கூட மடித்து எடுத்து வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். வில்லையை நீட்டினாள். கேட்டுக்காரர் வாங்கி, எண்ணைத் தடவிப் பார்த்து, பழக்கத்தில் பலகையண்டை போனார். எங்கள் எண்ணுக்கு நேராகக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கேதான் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறதே.

திரும்பி வந்து அம்மாவின் கையில் அதை மெதுவாக வைத்தார். "வில்லை சரியாத்தானுங்க இருக்குது. ஆணிதான் ஒண்ணா இருக்குது" என்றார்.

அம்மா இதை யோசிக்கவே இல்லை. பாயும் யோசிக்கவில்லை. வில்லை இருந்தால் போகலாம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியே நின்ற மாமனுக்கு விஷயம் புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் உள்ள வாரேனுங்க. நீங்க போங்க."

"மாப்பிள்ளை உள்ள, சீர்க்காரி வெளிய. அப்பறம் தாலியை யாருடா கட்டறது, உன்ற கொடிக் கம்பமா?" என்றாள் அம்மா. சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

"பெரியப்பன் மகளை வெச்சு இணைச்சீர் செஞ்சுக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்கக்கா."

அம்மா வில்லையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்று லைனில் எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் புகையவில்லை.

மறுநாள் விடியும்போது கேட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. கல்லெறிதான் என்று லைனே பயந்துவிட்டது. போய்ப் பார்த்தால் மாட்டு வண்டி ஒன்று. மாமன் மாப்பிள்ளைக் கோலத்தில், தலைப்பாகையோடு. கூடவே சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர், நாலு பெண்கள். வேப்பமரத்தடிக்காரர்களும் எழுந்து வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை.

"சீரு பந்தல்லதானே செய்யோணும்?" என்று ஒரு கிழவர் இழுத்தார்.

அருமைக்காரர் கேட்டை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை காலு நட்டு வெச்சிருக்காங்க, இதுக்கு மேல என்ன பந்தல் வேணும்? அம்மணியை வரச் சொல்லுங்க" என்றார்.

அம்மா எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தலைகூட வாரவில்லை. அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை. அம்மா அதற்காக அவரை ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

பேழை கம்பிக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். கேட்டுக்காரர் எழுந்து வந்தார். "ஆளுதானுங்க போகப்படாது. சாமானம் வரலாமுங்க" என்று சொல்லி, பெரிய கேட்டில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இருந்த திட்டிவாசலைத் திறந்தார். பேழையை வாங்கி அம்மாவின் தலையில் வைத்தார். வைத்துவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. திரும்பி நின்று சுவரில் எதையோ சுரண்ட ஆரம்பித்தார்.

கதவு திறந்து கிடந்தது. வண்டி நின்றது. அந்தப் பக்கம் மாமனின் கால் தெரிந்தது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். போகலாம், வா என்று இழுத்தேன். அம்மா அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேழை தலையில் நடுங்கியது.

"சாத்திருங்க" என்றாள். "உங்க ஊட்லயும் கொழந்தைக இருக்குதுங்க."

அவர் சாத்தினார். அம்மா கேட்டோடு ஒட்டி நின்று இரண்டு கைகளையும் கம்பிக்கு வெளியே நீட்டினாள். வளையல் தட்டியது, அழுத்தி நுழைத்ததில் முழங்கை உரிந்தது. கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அவள் கையில் கொடுத்தார்கள், மறு தலைப்பை மாமன் பிடித்துக்கொண்டார். அருமைக்காரர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். முடிந்ததும் அம்மா தலைப்பை விட்டாள். அந்தக் கோடையில் அவள் உடம்பில் வெளியே போனது அந்தக் கைகள் மட்டும்தான். வண்டி திரும்பி, பஸ் போகும் அதே வழியில் போயிற்று.

ஆடி பிறந்து வேலைநிறுத்தம் முடிந்தது. மாமன் புது அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆணியிலிருந்து வில்லையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அப்பா, "போயி ரெண்டு நாளு இருந்துட்டு வா" என்றார். "இப்ப எதுக்குங்க?" என்றாள் அம்மா. அத்தோடு சரி. அப்புறம் அப்பாவிடம் அவள் எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை. சண்டை கிடையாது, சோறு தண்ணீருக்குக் குறை கிடையாது. கேட்பது மட்டும் நின்றுபோனது. 'கேக்க மாட்டேன்னாரு' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருடம் கழித்து ஒரு நாள், அம்மா பழைய டப்பாவைக் கொட்டி ஊசி தேடியபோது பாய் வெட்டிக் கொடுத்த அந்த வில்லை உருண்டு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பேச்சுவாக்கில் நான் மில் கார் கதையைச் சொன்னேன், அதில் ஏற ஆசைப்பட்டேன் என்று. அவளுக்கு அது தெரியும் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அம்மாவின் கை நின்றது. "எந்தக் காரு?"

அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அப்பா திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் எந்தப் பேரு என்று, கேட்டுக்கு வெளியே அப்பாவைப் பார்த்துக் கத்திய பேருதான் என்று, எனக்கே முழுதாக உறைத்தது.

அம்மா வில்லையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அவனை உள்ள கூப்பிட்டிருப்பேன்" என்றாள். "நான் கூப்பிட்டா அவன் வந்திருப்பான்."

"ஆமாங்கம்மா."

"அது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு" என்றாள். வில்லையை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டு, ஊசியைத் தேடாமல், முழங்கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.